தொழில்: இல்லை

தம்பிராசா முதன்முதலாகக் கந்தோருக்கு வந்த அன்று, அவர் கரைச்சலான ஆள் என்று பதிவு மேசையில் இருந்த ஜொய்சிக்குத் தோன்றவேயில்லை. மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை அது. திங்களும் புதனும் பொதுமக்கள் நாள். பிரதேச செயலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுக் கிளைக்கு முன்னால் கிடந்த வாங்குகளில் இருக்க இடமில்லாமல், மிச்ச ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். முறை வந்ததும் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே ஒரு இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தார். தோட்டம் கொத்திக் கொத்தி வெடித்துப்போன விரல்கள்.

"பிள்ளை, உதிலை ஒரு பிழை கிடக்கு. திருத்தித் தாங்கோ."

ஜொய்சி வாசித்துப் பார்த்தாள். தம்பிராசா சாருஜா. வயது முப்பத்திரண்டு. அளவெட்டி. தை எட்டாம் திகதி, டெங்குக் காய்ச்சல். பெயரிலும் திகதியிலும் பிழை எதுவும் தெரியவில்லை.

"எது ஐயா பிழை?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். 'தொழில்' என்று அச்சடித்திருந்ததற்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"என்ரை மகள் டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே ஒரு பொலித்தீன் உறையிலிருந்து கடிதமொன்றை எடுத்து விரித்தார். அரசாங்க ஆசிரிய நியமனக் கடிதம். வன்னியில் ஒரு பள்ளிக்கூடம். புவியியல் பாடம். தை இருபதாம் திகதி கடமையைப் பொறுப்பேற்க வேண்டும் என்று போட்டிருந்தது. கடிதத்தின் திகதி தை மூன்று. தபாலில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது பதினோராம் திகதி. சாருஜாவை எரித்து இரண்டாம் நாள்.

"திகதியைப் பாருங்கோ. மூண்டாம் திகதி போட்ட கடிதம். அவள் செத்தது எட்டாம் திகதி. அப்ப செத்த நேரம் அவள் டீச்சர்தானே?"

ஜொய்சி பதினாறு வருடமாக அந்த மேசையில் இருக்கிறவள். பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த திகதியைத் தள்ளி எழுதச் சொல்லிச் சண்டை பிடிப்பவர்கள், சாத்திரி சொன்னார் என்று பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்பவர்கள், நாளைக்குப் பிளேன் என்று வெளிநாட்டிலிருந்து வந்து நின்று மேசையில் தட்டுபவர்கள் எல்லாரையும் கண்டவள். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் ஆளை இருக்கச் சொல்வாள். குரலைத் தாழ்த்துவாள். 'ஏலாது' என்ற சொல்லை எவ்வளவு பிந்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு பிந்திச் சொல்வாள். அன்றும் அப்படித்தான் செய்தாள். கடமையைப் பொறுப்பேற்று இடாப்பில் கையெழுத்து வைத்த நாளிலிருந்துதான் ஒருவர் ஆசிரியர் என்று கணக்கு, கடிதம் கிடைத்தால் மட்டும் போதாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப ஏலாதோ?"

"ஏலாது ஐயா. எனக்கும் கவலைதான்."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாவம் மனிதர் என்று நினைத்தபடி ஜொய்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மற்றத் திங்கட்கிழமையும் வந்தார். அதே சேட்டு, அதே கடிதம், அதே கேள்வி. அதற்கடுத்த திங்களும் வந்தார். நாலாவது தடவை அவருடைய குரல் உயர்ந்தது.

"ஏழு வரியம் படிச்சுப்போட்டுக் காத்திருந்தவள். வேலை கேட்டு வெயிலுக்கை குந்தி உண்ணாவிரதம் இருந்தவள். சோதனையிலை பாஸ் பண்ணினவள். நீங்கள் 'இல்லை' எண்டு ஒரு சொல்லிலை எழுதிவிடுவியளோ?"

"நான் எழுதேல்லை ஐயா. தகவலைப் பாத்துத்தான் எழுதுறது."

"ஆர் தந்த தகவல்? உங்கை இருந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதிறது. உனக்கென்ன, உனக்கு உத்தியோகம் இருக்கு."

சித்திரை பிறப்பதற்குள் கந்தோர் முழுக்க அவரைத் தெரிந்துவிட்டது. காவலாளி கேற்றில் அவருடைய சைக்கிளைக் கண்டதும் உள்ளே போன் எடுத்துச் சொல்வான். அவர் இலக்கத் துண்டு எடுக்க மாட்டார். எடுத்தாலும் தன் முறை வரும்வரை இருக்க மாட்டார். பிள்ளையின் பிறப்பைப் பதிய வந்த தாய்மாருக்கு நடுவே வந்து நின்று, "உவையளை நம்பாதேங்கோ, உயிரோடை இருக்கிற பிள்ளையையும் இல்லையெண்டு எழுதுவினம்," என்பார். ஒரு தடவை கண்ணாடித் தடுப்பில் அடித்ததில் அது வெடித்தே போனது. பொலிசுக்குச் சொல்லுவோம் என்றார் பதிவாளர் குகதாசன். ஜொய்சிதான் வேண்டாம் என்று தடுத்தாள். பக்கத்து மேசைத் தர்சிகா அவர் வருகிற நேரம் பார்த்துத் தேத்தண்ணிக்கு எழும்பிப் போய்விடுவாள். ஜொய்சிக்குப் போக இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திங்கட்கிழமையின் நினைப்பு வரத் தொடங்கியது.

வைகாசியில் அவர் மேலிடத்துக்கு ஒரு மனுப் போட்டார். பதிவுக் கிளை உத்தியோகத்தர் திருமதி ஜொய்சி றூபன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் எண்ணத்துக்குப் பொய்யான பதிவைச் செய்துவிட்டு, கேட்கப் போனால் மரியாதையில்லாமல் நடத்துகிறார் என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார். ஏழு நாளுக்குள் விளக்கம் தரும்படி ஜொய்சிக்குக் கடிதம் வந்தது. பதினாறு வருடத்தில் அவளுடைய தனிக்கோப்பில் அப்படியொரு தாள் விழுந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். புருஷன் றூபன், "நீர் எவ்வளவு பொறுத்தனீர் எண்டு எனக்குத் தெரியும். இனியும் பொறுக்கத் தேவையில்லை. எழுத்திலை காட்டும்," என்றான்.

அடுத்த நாள் அவள் பதிவேட்டு அறைக்குள் போய்த் தூசி தட்டித் தேடினாள். ஆஸ்பத்திரியில் இறப்பவர்களுக்கு அங்கேயே ஒரு தகவல் படிவம் நிரப்பப்படும். தகவல் தருகிறவர் அதன் கீழே கையெழுத்து வைப்பார். அந்தப் படிவத்தைப் பார்த்தே பதிவு நடக்கும். தை மாதக் கட்டில் சாருஜாவின் படிவம் கிடந்தது. தொழில் என்ற இடத்தில் யாரோ ஒரு உத்தியோகத்தரின் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. தகவல் தருபவர்: தந்தை. அடியில் நடுங்கிய எழுத்தில் தம்பிராசா.

ஜொய்சிக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. 'அகப்பட்டீர்' என்ற சந்தோசந்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். மேசைக்கு முன்னால் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அவர் வாய் திறப்பதற்குள் ஜொய்சி எழுந்துவிட்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

"நான் ஆரையும் கேளாமல் எழுதினனான் எண்டு மனுப் போட்டிருக்கிறியள். இஞ்சை பாருங்கோ. இது ஆற்றை கையெழுத்து?"

அவர் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. எட்டப் பிடித்தார்.

"சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. ஆற்றை கையெழுத்து?"

"என்ரை."

"மகளின்ரை தொழில் என்ன எண்டு கேட்டதுக்கு 'இல்லை' எண்டு சொன்னது ஆர்?"

வாங்குகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது. தம்பிராசா படிவத்தை மெல்ல மேசையில் வைத்தார். அதன் ஓரம் மேசை விளிம்போடு ஒத்து வரும்படி இரண்டு கையாலும் சரிசெய்தார்.

"நான்தான்," என்றார்.

பிறகு திரும்பினார். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டி, அது தன்னுடையதல்ல என்று கண்டு, கழற்றி வைத்துத் தன்னுடையதைத் தேடி எடுத்துப் போனார்.

குகதாசன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "நல்ல வேலை செய்தீங்கள். இனி வரமாட்டார்," என்றார். தர்சிகா அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம் வரை ஜொய்சிக்கு நெஞ்சுக்குள் ஒரு சூடு இருந்தது. சாப்பிட எழும்பும்போதுதான் மேசையில் கிடந்த பொலித்தீன் உறையைக் கண்டாள். நியமனக் கடிதத்தை அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

வரும் திங்கள் வருவார், கொடுக்கலாம் என்று வைத்தாள். வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவள் கேற்றைப் பார்த்தாள். "என்ன, தேடுறியளோ?" என்று தர்சிகா பகிடி பண்ணினாள். மூன்றாவது கிழமை, வேலை முடிந்து தெல்லிப்பழையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல், ஸ்கூட்டியை அளவெட்டிப் பக்கம் திருப்பினாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மனைவி பராசக்தி வெளியே வந்தாள். யார் என்று சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வாங்கோ, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டாள். ஜொய்சி கடிதத்தைக் கொடுத்தாள். பராசக்தி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா நிக்கிறாரோ?"

"பின்னுக்கு நிக்கிறார். கூப்பிட்டாலும் வரமாட்டார்."

"அம்மா, அண்டைக்கு நான் சனத்துக்கு முன்னாலை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது சரிதானே. அவர்தானே சொன்னவர்." பராசக்தி மடியில் கிடந்த கடிதத்தை நீவிவிட்டாள். "ஆஸ்பத்திரியிலை அந்தத் தம்பி ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு வந்தவர். பேர் என்ன, வயசு என்ன, கலியாணம் கட்டினதோ, தொழில் என்ன. இவர் மரம் மாதிரி நிண்டு மறுமொழி சொன்னவர். வாயிலை பழகினதுதான் வந்தது. ஏழு வரியமா ஆர் கேட்டாலும் உதைத்தானே சொன்னவர். 'மகள் என்ன செய்யிறா தம்பிராசா அண்ணை?' 'ஒண்டும் இல்லை, படிச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறாள்.' அவளுக்குக் கேக்கக் கேக்கத்தான் சொல்லுவார். அவள் ஒண்டும் பறையாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போயிடுவாள்."

"நல்லூரிலை என்ன?"

"ரியூசனுக்குப் படிப்பிக்கத்தான். ஏஎல் சோதனை எடுக்கிற பிள்ளையளுக்கு. அஞ்சு வரியம். மழை எண்டாலும் போவாள். அதை இவர் ஒரு வேலையெண்டு எடுக்கேல்லை. கவுண்மேந்து குடுத்தால்தான் வேலை எண்டு நிண்டவர். செத்த வீட்டுக்கு வந்த பிள்ளையளைப் பாத்துத்தான் ஆளுக்கு விளங்கினது. ஒழுங்கை முட்டப் பிள்ளையள். ஒண்டுக்கும் நேரை நிக்க ஏலேல்லை, அப்பிடி அழுதுதுகள்."

ஜொய்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, அப்ப 'இல்லை' எண்டு எழுதினது உண்மையாவே பிழை. நியமனக் கடிதத்தை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது. ஆனால் அஞ்சு வரியம் படிப்பிச்சவ எண்டு அந்த ரியூசன்காரர் எழுதித் தந்தால் திருத்தலாம். நான் செய்து தாறன்."

"வேண்டாம்."

குரல் பின்வாசலிலிருந்து வந்தது. தம்பிராசா அங்கே எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கணுக்கால் வரை செம்மண். இரண்டு மூன்று கிழமைத் தாடி நரைத்து வளர்ந்திருந்தது. கந்தோரில் கண்ட மனிதரைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தார்.

"ஐயா, அது நியாயமான திருத்தம். உங்களுக்காகச் செய்யிற ஒண்டில்லை."

"எழுதின தம்பி சரியாத்தான் எழுதினது. நான் என்ன சொன்னனோ அதை எழுதினது. அது அப்பிடியே கிடக்கட்டும். பெத்த தேப்பன் சொன்ன சொல்லு. பிறகு ஒரு கோட்டை அடிச்சு அதை அழிச்சுப்போட்டு, சொல்லேல்லை எண்டு ஆக்கேலுமே?"

"நீங்கள் திருத்தச் சொல்லித்தானே இவ்வளவு நாளும் வந்தனீங்கள்?"

"ஓம். வந்தனான்." அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்கள் எழுதினது எண்டுதான் நினைச்சுக்கொண்டு வந்தனான். ஆனால் எனக்கு நல்லாத் தெரியும், சொன்னது நான் எண்டு. தெரிஞ்சுகொண்டுதான் வந்து உம்மோடை கத்தினனான், பிள்ளை. கத்திற நேரம் அது நீர் எழுதினது மாதிரி இருக்கும்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

பராசக்தி கேற் வரைக்கும் கூட வந்தாள். ஸ்கூட்டியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனால் ஒண்டு சொல்லவேணும். அவள் போன பிறகு இந்த மனிசன் கிழமையிலை ஒருநாள்தான் எழும்பினவர். திங்கக்கிழமை விடியத் தலைக்கு முழுகி, சவரம் எடுத்து, சேட்டை மினுக்கித் தரச் சொல்லி, ரெண்டு இடியப்பம் திண்டுபோட்டு வெளிக்கிடுவார். என்ன சொல்லலாம், எப்பிடிக் கேக்கலாம் எண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சொல்லிப் பாப்பார். வந்து, அண்டைக்கு நடந்ததைப் பொழுதுபட மட்டும் கதைப்பார். இப்ப அதுவும் இல்லை. கத்திறதுக்கு ஆளில்லை."

பிறகு, "தாய் கையெழுத்து வைச்சால் காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும் அம்மா, அது போதும்."

"அப்ப நான் வைக்கிறன். அவர் தன்ரை பாவத்தை எழுதி வைச்சிருக்க வேணுமெண்டு நினைக்கிறார். அது அவளின்ரை கடதாசியெல்லே."

சனிக்கிழமை ஜொய்சி நல்லூருக்குப் போனாள். ரியூசன் நடத்துகிற பிரகாஸ், விசயத்தைக் கேட்டுவிட்டு, அலுமாரிக்குள்ளிருந்து ஐந்து வருடத்து வகுப்பு நேரசூசிகளையும் எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றிலும் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு என்று சாருஜாவின் பெயர் இருந்தது. இந்த வருடத்து நேரசூசியிலும் அந்தக் கட்டங்களில் அவளுடைய பெயரே அச்சாகியிருந்தது. "இன்னும் ஆளைப் போடேல்லை, அக்கா," என்றான். "பிள்ளையள் வேறை ஆளிட்டைப் போகமாட்டம் எண்டு நிண்டுதுகள். இந்த பட்ச் பிள்ளையள் சோதனை எடுத்து வெளிக்கிடட்டும் எண்டு விட்டிட்டன்." கடிதத்தை அவன் கையால் எழுதினான். எழுதும்போது இரண்டு தரம் நிறுத்தி மூக்கை உறிஞ்சினான்.

விண்ணப்பம் போனது. திரும்பி வந்தது. இன்னொரு சத்தியக்கடதாசி கேட்டார்கள். அதையும் பராசக்தியைக் கொண்டு ஒப்பமிடுவித்து அனுப்பினாள். மனு விவகாரம் அதற்கிடையில் முடிந்திருந்தது. குற்றமில்லை என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. ஜொய்சி அதை இரண்டாந் தரம் வாசிக்காமல் கோப்பில் போட்டாள். ஆவணி போய், புரட்டாதி போய், மாரி மழை தொடங்கிய பிறகு திருத்திய சான்றிதழ் வந்து சேர்ந்தது. பராசக்திக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

புதன்கிழமை வந்தது தம்பிராசா. "மனிசிக்குக் கால் வீக்கம். அதான் நான் வந்தனான்," என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. ஜொய்சி அவரை நேராக உள்ளே வரும்படி கையைக் காட்டினாள். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கின் கடைசியில் போய் இருந்தார். முப்பத்தேழாவது இலக்கம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தபோது எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நின்றார். தாடியை இன்னும் எடுத்திருக்கவில்லை.

முறை வந்ததும் மேசைக்கு முன்னால் வந்து, இருக்கச் சொன்ன பிறகு இருந்தார். ஜொய்சி புத்தகத்தை நீட்டினாள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். சான்றிதழை அவர் கையில் கொடுத்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள். சேட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார்.

அப்போதுதான் ஜொய்சியும் கவனித்தாள். 'தனியார் கல்வி நிலைய ஆசிரியர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்து விடுபட்டு, 'ஆசிரிர்' என்று அச்சாகியிருந்தது. அவளுக்கு முகம் சூடேறியது. அவர் அந்தச் சொல்லில்தான் பார்வையை வைத்திருந்தார். கண்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி எழும்புவார், இந்தக் கூரை பறக்கக் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்த வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடக்கூடச் செய்தாள்.

அவர் தாளை நாலாக மடித்தார்.

"ஐயா, அதிலை ஒரு எழுத்து விடுபட்டுப் போச்சு. தாங்கோ, நான் திரும்ப அனுப்பித் திருத்தி எடுக்கிறன். ஒரு மாசத்திலை வந்திடும். நீங்கள் ஒருக்கால் வந்தால் காணும்."

"வேண்டாம் பிள்ளை. இது காணும்."

"அது பிழையாக் கிடக்கு ஐயா."

"விளங்குதுதானே," என்றார். "உங்களுக்குத்தான் பெரிய கரைச்சல் தந்திட்டன்."

எழுந்து, வெடிப்பு விழுந்த கண்ணாடித் தடுப்பைக் கடந்து போனார். வாசலில் உள்ளே வருகிற ஒரு ஆளுக்கு ஒதுங்கி வழி விட்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. சேட்டுக்குள் தாளை வைத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டினார்.

"பாத்தியளோ அக்கா," என்றாள் தர்சிகா. "எவ்வளவு நல்ல மனிசனா மாறிட்டார்."

ஜொய்சி கேற்றைப் பார்த்தபடியே இருந்தாள். முப்பத்தெட்டாம் இலக்கக்காரர் வந்து முன்னால் நின்று, இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.